டெல்லி டூ தர்மபுரி: பெங்களூரு – சேலம் விமானம் 12 நிமிடமா, 42 நிமிடமா, ஒரு மணி நேரமா?

#1 தகடூரான் (தர்மபுரி)

வணக்கம். தம்பி டெல்லியில் வேலை பார்க்கிறான். என் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், தாய்மாமன் மாதிரி சித்தப்பனும் முக்கியம் என்று அவள் அடம்பிடிக்கிறாள். அவன், அவன் மனைவி, மூன்று வயதுப் பையன் மூவரும் வருகிறார்கள். இதுவரை பெங்களூரில் இறங்குவான், நான் கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வருவேன். இந்தத் தடவை, "நீ அலையாதே அண்ணா, பெங்களூரிலிருந்து சேலத்துக்கே விமானம் இருக்கு, பக்கத்துல தானே, ஏறினா இறங்கிடலாம்" என்கிறான்.

தூரம் காட்டும் ஒரு தளத்தில் பார்த்தானாம். பெங்களூரு – சேலம் 162 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 12 நிமிடம். இன்னொரு தளம் 42 நிமிடம் என்கிறது. டிக்கெட் போடுகிற இடத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்தை ஒட்டிக் காட்டுகிறது. நாலாவதாக ஒன்று பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லி எங்களை மிரட்டிவிட்டது. எதை நம்புவது? வீட்டு வாசலுக்கு வந்து சேர உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊத்தங்கரை எக்ஸ்பிரஸ்

பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் சேலம் நம்ம சேலம் இல்லை. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்துத் தலைநகர் பெயரும் சேலம்தான். அந்த ஊர் விமான நிலையத்தின் குறியீடு எஸ்.எல்.இ. நம்முடையது எஸ்.எக்ஸ்.வி. தம்பி டிக்கெட் போடும்போது குறியீட்டைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் காதுகுத்துக்கு வீடியோ காலில்தான் வருவார்.

#3 ஏப்ரன் மாமா (ஓசூர்)

விமான நிலையத்தில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த மூன்று எண்ணிலும் பொய் இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு.

12 நிமிடம் எப்படி வந்தது? 162ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 12. ஜெட் விமானம் முழு உயரத்தில் போகும் வேகம் அது. ஓடுபாதையில் நிற்கிற விமானம் கண் மூடித் திறப்பதற்குள் அந்த வேகத்தில் போய், அதே வேகத்தில் போய் இறங்க வேண்டும் என்று அந்தத் தளம் நினைத்துக்கொண்டிருக்கிறது. 42 நிமிடம் என்று சொன்ன தளம் கொஞ்சம் விவரமானது. அதே பன்னிரண்டுடன் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று குத்துமதிப்பாக முப்பதைக் கூட்டி வைத்திருக்கிறது. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அதே முப்பதுதான். டிக்கெட்டில் போட்டிருப்பது மட்டும்தான் விமான நிறுவனம் பொறுப்பேற்கும் நேரம்: இங்கே சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே சக்கரக் கட்டை வைக்கும் வரை.

இனி சேலம் ரூட்டுக்கு வருவோம். அதில் ஓடுவது ஜெட் இல்லை, ஏ.டி.ஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் விமானம், எழுபது எழுபத்தெட்டு இருக்கை. நல்லா ஓட்டினால் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தொடும். சேலத்து ஓடுபாதை 1,800 மீட்டர் சொச்சம்தான், அதற்கு ஏ.டி.ஆர் வசதி. ஜெட்டே விட்டாலும் இந்த ரூட்டில் பெரிய லாபம் கிடையாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்) வேக வரம்பு உண்டு. ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். முழு வேகத்தில் போக இடம் எங்கே இருக்கிறது?

பெங்களூரில் இறங்கும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே நாலாயிரம் மீட்டர் ஓடுபாதை இரண்டு, இரண்டும் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. சேலத்து விமானம் வருவது தெற்கிலிருந்து. நேராக வந்து இறங்க முடியாது. மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கிழக்கே, ஓசக்கோட்டைப் பக்கமாகப் போய்த் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். முன்னால் ஒரு ஏர்பஸ், பின்னால் ஒரு போயிங், நடுவில் நம்ம ஏ.டி.ஆர். முகூர்த்த நாளில் பந்திக்கு இடம் பிடிக்கிற கதைதான். முன்னால் உட்கார்ந்தவன் எழுந்தால்தான் நமக்கு இலை. இறங்கிய பிறகும் டெர்மினல் வாசலுக்கு உருண்டு வரவே பத்து நிமிடம் போகும்.

சேலத்துப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. சின்ன நிறுத்துமிடம். பின்னால் தள்ளிவிட டிராக்டர்கூடத் தேவைப்படாது, ஏ.டி.ஆர் தன் சக்தியிலேயே திரும்பி ஓடுபாதைக்குப் போய்விடும்.

ஆக, காற்றில் இருப்பது அரை மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூட. மிச்சம் தரையிலும் வரிசையிலும் போகிறது.

#4 பாலக்கோட்டுத் தக்காளி

162 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்றால் மணிக்கு 162 கிலோமீட்டர் வேகம். ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம தேசிய நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் ஓட்டுகிறவர்கள் சிலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

#5 பென்னாகரம் கணக்கு

தளம் எதுவும் வேண்டாம், கையிலேயே போடலாம். பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் போதும்.

சேலம் விமான நிலையம்: வடக்கே 11.78 பாகை, கிழக்கே 78.07. பெங்களூரு விமான நிலையம்: 13.20, 77.71. அட்சரேகை வித்தியாசம் 1.42 பாகை. ஒரு பாகை ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர், ஆக 157. தீர்க்கரேகை வித்தியாசம் 0.36 பாகை. நம்ம அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 108.7 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும், ஆக 39. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 162 வரும். விமானிகள் பேசும் கடல் மைலில் 87 (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). டெல்லி மாதிரி தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி லேசாகப் பிசகும், பூமியின் வளைவைச் சேர்க்க வேண்டும். நம்ம சுற்றுவட்டாரத்துக்கு இது தாராளம்.

அதே முறையில் சேலத்திலிருந்து: சென்னை 265, கொச்சி 257, ஹைதராபாத் 605 கிலோமீட்டர்.

மாமா சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தரையிலும் வரிசையிலும் போகிற நேரம் எல்லா ரூட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், பறக்கும் நேரம்தான் தூரத்தோடு வளரும். பெங்களூருக்கு 162ஐ 500ஆல் வகுத்தால் 19 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு முழு வேகத்தில் பறப்பதில் போவதே இல்லை. சென்னைக்கு 32 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. ஹைதராபாத்துக்கு 73 நிமிடம், டிக்கெட்டில் ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால். காசுக்குப் பறக்கிற மாதிரி இருப்பது ஹைதராபாத் மட்டும்தான். உங்கள் தம்பி ஏறும் டெல்லி – பெங்களூரு விமானத்தையே எடுங்கள், 1,700 கிலோமீட்டரை இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிக்கிறது. சராசரி மணிக்கு 600க்கு மேல். குட்டி ரூட்டில் விமானம் ஏறுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

#6 தகடூரான்

சார், கணக்கு புரிகிறது. ஆனால் தரையில் எனக்கு ஆகும் நேரமும் சேர வேண்டுமே? பெங்களூரு விமான நிலையத்துக்குப் போய் வர எனக்கு முழுநாள் போகிறது. அந்த வேதனையில்தான் இந்தக் கேள்வியே.

#7 நாலு சக்கரம் (கிருஷ்ணகிரி)

டாக்சி ஓட்டுகிறேன், பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போய் வருவதுதான் பிழைப்பு. அந்த ரோட்டைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

தர்மபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 170 கிலோமீட்டருக்கு மேல். நேர்க்கோட்டில் 130 கூட இருக்காது, ரோடு சுற்றிக்கொண்டு ஊரை ஊடுருவித்தான் போகும். தர்மபுரியிலிருந்து அத்திப்பள்ளி வரை கடிகாரம் வைத்துச் சொல்லலாம். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று வழுக்கிக்கொண்டு போகும். அத்திப்பள்ளி தாண்டிய பிறகு கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் காசு கட்டி ஏறினாலும் சில்க் போர்டு நெரிசலில் கொண்டு போய் நிறுத்தும். அப்புறம் ஹெப்பாள்.

அதனால் நாங்கள் பெரும்பாலும் ஊருக்குள் போவதில்லை. ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஓசக்கோட்டை, அங்கிருந்து தேவனஹள்ளி. சில இடங்களில் ரோடு குறுகல், லாரி முன்னால் மாட்டிக்கொண்டால் பொறுமை வேண்டும், மழையில் சில பள்ளம் தெரியாது. ஆனாலும் நேரத்தை நம்பிச் சொல்லலாம். நாலு மணி நேரம் வையுங்கள், முன்னாலேயே போய்ச் சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சேலம் விமான நிலையம் இருப்பது காமலாபுரத்தில், சேலம் டவுனுக்குள் இல்லை. ஓமலூருக்கு இந்தப் பக்கம், பெங்களூரு ஹைவேயை ஒட்டியே. தர்மபுரிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். தொப்பூர் கணவாயில் மட்டும் நிதானம். இறக்கத்தில் லாரிக்காரர் நியூட்ரலில் விட்டுப் பிரேக் போய் நிற்கும் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு லாரி கவிழ்ந்தால் அங்கேயே ரெண்டு மணி நேரம் காலி. விமானம் பிடிக்கப் போகும்போது அந்த நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள், கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள்.

எங்கள் கிருஷ்ணகிரிக்கு நிலைமை வேறு. ரயில் ஸ்டேஷனே இல்லாத மாவட்டத் தலைநகர், விமானத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்! காமலாபுரமும் பெங்களூரும் எங்களுக்கு இரண்டும்கெட்டான் தூரம். அதனால் தர்மபுரிக்காரர் சொல்லும் முடிவு எங்களுக்குப் பொருந்தாது.

#8 தகடூரான்

சரி, நான் கூட்டிப் பார்க்கிறேன். தம்பி பெங்களூரில் இறங்கிய நிமிடத்திலிருந்து:

காரில் என்றால் பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி, ரோடு நாலு மணி. நாலே முக்கால் மணியில் வீடு. சேலம் விமானம் என்றால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு குறைந்தது ஒன்றரை, அதிகம் போனால் மூன்று. பறப்பு ஒன்று. பெட்டி எடுக்க இருபது நிமிடம். ரோடு ஒரு மணி. மொத்தம் ஏறக்குறைய நாலு மணியிலிருந்து ஐந்தே கால் வரை.

அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் எனக்கு? தேவனஹள்ளிக்குப் போகிற நாலு மணி நேரத்தில் மூன்று மிச்சம், வருகிற நாலிலும் மூன்று மிச்சம். இதுவரை நாங்கள் இருவரும் அவன் நேரத்தை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்!

#9 மாங்கூழ் (காவேரிப்பட்டணம்)

அதுதான் சரியான கணக்கு. யாருடைய நேரம் என்று கேட்காமல் விமான நேரம் பேசிப் பயனில்லை.

மாங்கூழ் வியாபாரம் எனக்கு. ஹைதராபாத்துக்கு அடிக்கடி போகிறேன், சேலத்திலிருந்துதான். இரண்டு விஷயம் சொல்கிறேன். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவில், முன்பக்கக் கதவு சரக்குக்கு. அதனால் முன் வரிசை கேட்டு வாங்கினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள். சீக்கிரம் இறங்கப் பின் வரிசை கேளுங்கள். அப்புறம், மேலே பெட்டி வைக்கும் இடம் சின்னது. டெல்லி விமானத்தில் தலைக்கு மேல் வைத்த டிராலி இதில் நுழையாது. படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது கையில் கொடுப்பார்கள். பிள்ளைக்கு வேண்டிய பால், துணி, மருந்தை டிராலியில் வைக்காமல் தோள் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதம் ஒருநாள் மேகம் அடைத்துக்கொண்டது. மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விமானம் திரும்பிப் போய்விட்டது. கீழே நாங்கள் மூட்டை முடிச்சோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஹைதராபாத்திலிருந்து அடுத்த விமானம் மறுநாள்தான். பெங்களூரு என்றால் ஒன்று போனால் இன்னொன்று. கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு நிற்கிறது, விமான நிலையமோ 300 மீட்டர் சொச்சத்தில். மேகம் தாழ இறங்கினால் விமானி தயங்குவதில் தப்பு சொல்ல முடியாது. தப்பு சொல்ல வேண்டியது, அதற்குப் பிறகு பணத்தைத் திருப்பித் தர அந்த நிறுவனம் நடத்திய நாடகத்தைத்தான். பெயர் வேண்டாம்.

#10 தளி ரோஜா

நீங்கள் எல்லாம் ஆள் போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பூ போவதைப் பற்றிச் சொல்கிறேன். காதலர் தினத்துக்கு எங்கள் பக்கத்து ரோஜா வெளிநாடு போவது பெங்களூரு வழியாகத்தான். ஏ.டி.ஆர் வயிற்றில் எத்தனை பெட்டி ஏறும்? குளிர்பதனக் கிடங்கு எங்கே? எங்களுக்குச் சேலம் இருந்தும் இல்லாத மாதிரி.

ஓசூரில் ஒரு விமான நிலையம் வந்தால்தான் எங்களுக்கு விடிவு. பேலகொண்டப்பள்ளியில் தனேஜா என்ற தனியார் நிறுவனத்தின் ஓடுதளம் எத்தனையோ வருடமாக இருக்கிறது. 2024 ஜூனில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார், 2,000 ஏக்கரில், வருடத்துக்கு மூன்று கோடிப் பேர் வந்து போகும் அளவுக்கு என்று. அந்த 150 கிலோமீட்டர் நிபந்தனை குறுக்கே நிற்கிறது.

#11 பாலக்கோட்டுத் தக்காளி

அது என்ன 150 கிலோமீட்டர்? ரோடு தூரமா, ஆகாயத் தூரமா?

#12 பென்னாகரம் கணக்கு

ஆகாயத் தூரம். பெங்களூரு விமான நிலையத்துக்கும் மத்திய அரசுக்கும் 2004ல் போட்ட ஒப்பந்தம். விமான நிலையம் திறந்தது 2008 மே மாதம். அதிலிருந்து 25 வருடத்துக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் புது விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு.

இப்போது கவராயம் எடுத்து தேவனஹள்ளியில் முள்ளை ஊன்றுங்கள். பேலகொண்டப்பள்ளி ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உள்ளே. கிருஷ்ணகிரி 93, உள்ளே. தர்மபுரி நகரம் 129, அதுவும் உள்ளே. காமலாபுரம் 162, பன்னிரண்டு கிலோமீட்டர் வெளியே. அது 1993லேயே திறந்தது வேறு. நம்ம இரண்டு மாவட்டத் தலைநகரமும் இன்னொரு மாநிலத்து விமான நிலையத்தின் வட்டத்துக்குள் இருக்கின்றன. ஓசூர்க்காரர் மட்டும் பேசுகிறார், பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும்தான்.

#13 ஊத்தங்கரை எக்ஸ்பிரஸ்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. தர்மபுரியில் விமான நிலையம் கட்டினால் மட்டும் யார் ஏறப் போகிறார்கள்? இருக்கிற சேலத்தின் கதையைப் பாருங்கள். கிங்ஃபிஷர் கொஞ்ச காலம் ஓட்டியது, நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் (சின்ன ஊர்களுக்கு மலிவாக விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்தது) ட்ரூஜெட் சென்னைக்கு விட்டது, கொரோனாக் காலத்தோடு அதுவும் போனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், அந்த மாதக் கடைசியில் இண்டிகோ என்று மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் வருடக்கணக்கில் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உடானில் பாதி இருக்கைகளுக்கு ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பத்தில் வரம்பு வைத்தார்கள். நஷ்டத்தை அரசு மூன்று வருடம் ஈடு கட்டும். நாலாவது வருடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். 162 கிலோமீட்டர் ரூட் எப்படி நிற்கும்? பஸ்ஸுக்கு முந்நூறு நானூறு கொடுத்தால் ஆள் பெங்களூரு ஊருக்குள்ளேயே இறங்கிவிடுவான்.

#14 ஏப்ரன் மாமா

சென்னை ரூட்டையும் கொச்சி ரூட்டையும் அதோடு சேர்க்காதீர்கள் எக்ஸ்பிரஸ். கொச்சிக்கு ஆகாயத்தில் 257, ரோட்டில் கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் சுற்றி 330, 340 ஆகிவிடும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கொச்சியில் ஏறுவது உங்களுக்கும் தெரியும். ரோடு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்கு விமானம் ஜெயிக்கும்.

ஓடுபாதையை நீட்டினால் ஜெட் வரும், ஜெட் வந்தால் டெல்லி, மும்பைக்கே நேரே விடலாம். ஆனால் அதற்கு நிலம் வேண்டும். காமலாபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிப் பக்கம் விவசாயிகள் நிலத்தைத் தர மாட்டோம் என்று எதிர்த்தார்கள். தோட்டத்தையும் கிணற்றையும் கொடுத்துவிட்டு யாரோ டெல்லிக்குப் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

#15 மொரப்பூர் சந்திப்பு

யாரும் ரயிலைப் பேசவில்லையே? தம்பி சென்னையில் இறங்கினால்? விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே சென்ட்ரல் போய்விடலாம். ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோவை எக்ஸ்பிரஸ் இரண்டும் மொரப்பூரில் நிற்கும். ராத்திரி ஏற்காட்டில் படுத்தால் விடியும் முன் மொரப்பூர், அங்கிருந்து தர்மபுரி முப்பது சொச்சம் கிலோமீட்டர். மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

#16 தகடூரான்

அண்ணா, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பி மொரப்பூர் நடைமேடையில் இறக்கினால் என் தம்பி மனைவி அடுத்த காதுகுத்துக்கு வரமாட்டார்.

#17 ஏப்ரன் மாமா

தகடூரான் தம்பி, எல்லாரும் பெங்களூரையே பிடித்துத் தொங்குகிறோம். ஹைதராபாத் வழியாக ஏன் பார்க்கக் கூடாது? டெல்லி – ஹைதராபாத் 1,250 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து சேலம் ஒன்றே முக்கால். நடுவில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு, கடைசியில் ரோடு. ஏழு ஏழே கால் மணி நேரத்தில் வீடு. பெங்களூரு வந்து காரில் வந்தாலும் அதே ஏழரைதான். ஆனால் இதில் சாலையில் உட்காரும் நேரம் ஒரு மணி மட்டும். பிள்ளைக்கு அதுதான் நல்லது.

முக்கியமான நிபந்தனை: இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போட வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் டெல்லியில் போட்ட பெட்டி நேரே காமலாபுரத்தில் வரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாகப் போட்டால் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் போனது போனதுதான். நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்த்த அழுகையில் பெரும்பங்கு இப்படித் தனித்தனியாக டிக்கெட் வாங்கியவர்களுடையது.

#18 நாலு சக்கரம்

மாமா, மன்னிக்கணும், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெங்களூரில் சேலம் விமானத்தை விட்டால் என்னைக் கூப்பிட்டால் போதும், ராத்திரிக்குள் வீட்டில் இறக்கிவிடுவேன். ஹைதராபாத்தில் விட்டால்? 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள் சரி, அது மறுநாள். ஓட்டல் யார் போடுவது என்று அங்கே சண்டை போட வேண்டும். மாங்கூழ் அண்ணன் கதையைக் கேட்ட பிறகும் இப்படிச் சொல்கிறீர்களே.

#19 மாங்கூழ்

நாலு சக்கரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் டாக்சிக்காரர் என்பதையும் மறக்க வேண்டாம் :)

என் வழக்கத்தைச் சொல்கிறேன். தேதி தப்பக்கூடாத வேலைக்குப் போகும்போது பெங்களூரு. ஒருநாள் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை என்றால் சேலம். ஹைதராபாத்திலிருந்து வரும்போது பெரும்பாலும் சேலம்தான், மறுநாள் வந்தால் என் கூழ் கெட்டுப்போய்விடாது. காதுகுத்துக்கு எத்தனை நாள் முன்னால் வருகிறார் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

#20 நெறியாளர்

ஓசூர் விமான நிலையம், 150 கிலோமீட்டர் வட்டம், நில எடுப்பு பற்றிப் பேச நினைப்பவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே தகடூரானின் பயணத்தை மட்டும் முடித்துக் கொடுப்போம். கட்சிச் சண்டையில் இறங்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#21 தகடூரான்

எல்லாருக்கும் நன்றி. தம்பியோடு பேசிவிட்டேன். காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை, அவன் வெள்ளியே வந்துவிடுகிறான். அதனால் வரும்போது டெல்லி – ஹைதராபாத் – சேலம், ஒரே டிக்கெட். மேகம் மறைத்து மறுநாள் வந்தாலும் சனிக்கிழமை வீட்டில் இருப்பான். போகும்போது திங்கட்கிழமை அவனுக்கு ஆபீஸ், அதில் ரிஸ்க் எடுக்க மாட்டான். நாலு சக்கரம் அண்ணா வண்டியில் மாலூர் வழியாகப் பெங்களூரு, அங்கே டெல்லிக்கு ராத்திரி வரை விமானம் இருக்கிறது.

கட்டணத்தையும் பார்த்தோம். சேலம் வழி மூன்று பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடத்தான். பையனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் தனி இருக்கை. ஆனால் என் காருக்கு டீசலும் சுங்கமும் போக வர எவ்வளவு என்று எழுதிக் காட்டினேன், அதற்குப் பிறகு பேச்சில்லை. அவன் மனைவிக்கு மட்டும் விசிறி வைத்த விமானம் என்றதும் பயம். அது ஆபத்தா?

#22 ஏப்ரன் மாமா

விசிறியைச் சுற்றுவதும் ஜெட் என்ஜின் மாதிரி டர்பைன்தான். சத்தம் கொஞ்சம் கூட, மேகத்துக்குள் ஆட்டம் கொஞ்சம் கூட. தாழப் பறப்பதால் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தரை தெரியும். பையனை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், அம்மாவை நடைவழிப் பக்கம். விசிறிக்கு நேராக இருக்கும் முன் வரிசைகளில் சத்தம் அதிகம், பின் வரிசை கேட்டு வாங்குங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் அந்த வாரத்தில் சேலம் விமானம் ஓடுகிறதா என்று நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். அட்டவணை சீசனுக்குச் சீசன் மாறும், கிழமையும் மாறும். தூரம் காட்டும் தளங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

#23 நாலு சக்கரம்

ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி எழுதிக்கொண்டேன். பையனுக்குக் குழந்தை இருக்கை வேண்டுமா, சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்று: காமலாபுரத்தில் பெங்களூரு மாதிரி வரிசையாக டாக்சி நிற்காது. விமானம் வரும் நேரத்துக்கு நாலைந்து வண்டி வரும், சேலம் ஆட்கள் முதலில் பிடித்துவிடுவார்கள். ஆப்பில் போட்டால் ஓமலூரிலிருந்து வர நேரம் எடுக்கும். ஹைவேக்கு நடந்து வந்து பஸ் ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், எக்ஸ்பிரஸ் எதுவும் கை காட்டினால் நிற்காது. பெட்டி வேறு. நீங்களே காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

#24 தகடூரான்

குழந்தை இருக்கை வேண்டும் அண்ணா. வெள்ளிக்கிழமை நானே போகிறேன். தொப்பூரில் ஏதாவது என்றால் அன்று காலை இங்கே ஒரு வரி போடுங்கள், அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும்.